எந்த ஊடு?

நம் ஆபீஸில் யாராவது ஃபோனில் அவசரப்பட்டுப் பதில் சொன்னால், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "எந்த ஊடு?" என்று கேட்பார். என் நாற்காலிக்கு வந்த முதல் வாரத்திலேயே நீங்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். நாமக்கல் பக்கம் வீட்டை ஊடு என்றுதான் சொல்வார்கள், ஏதோ முகவரி விசாரிக்கிறார்கள் போல என்று விட்டிருப்பீர்கள். முகவரி இல்லை. அது என்னைக் கிண்டல் செய்வதற்காகப் பிறந்த வார்த்தை. நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன், அது மட்டும் இன்னும் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

அலமாரியின் கீழ்த்தட்டில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். எந்த வாரம் எந்தக் காய் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதி வைக்கிற நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் "வெண்டை: மழை" என்றும் அதற்கும் கீழே "பீர்க்கை: மயில்" என்றும் என் கையெழுத்தில் இருக்கும். மயில் வந்து கொத்திவிட்டுப் போனதால் பீர்க்கங்காய் இல்லை என்று பொருள். அதற்கு அடுத்த வரியில் "கீரை: வீடு முடியவில்லை" என்று எழுதியிருப்பேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்றும் பிறக்கும்போதே காய்கறி ஆபீஸில் பிறந்தவள் இல்லை. எங்கள் அத்தா, அதாவது என் அப்பா, சேலம் டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தார். நான் படித்து முடித்ததும் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஃபோன் எடுத்தேன். அங்கே ஃபோனை எடுத்தால் நலம் விசாரிக்க நேரம் கிடையாது. லோடு எங்கே, வண்டி எங்கே, ஏன் லேட், அவ்வளவுதான். டிரைவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கதையைப் பாதியில் வெட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வெட்டி வெட்டி, வீட்டிலும் யாரையும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல விடுவதில்லை என்று என் வீட்டுக்காரர் குறைபடுவார். அதையும் நான் பாதியில்தான் கேட்டிருக்கிறேன்.

அந்த வாயோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன். அப்போது நம் முதலாளி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து சேலம் அஸ்தம்பட்டியில் இந்த ஆபீஸைத் திறந்திருந்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். சந்தா கட்டிய குடும்பங்களுக்குச் சனிக்கிழமை தோறும் ஒரு பெட்டி, மருந்து அடிக்காத காய்கறி, என்ன விளைகிறதோ அதுதான் வரும் என்பது திட்டம். கேட்கிறபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. நாலு வாரம் தொடர்ந்து சுரைக்காய் விளைந்தபோதுதான் அந்தத் திட்டத்தின் முழு அர்த்தமும் ஊருக்குப் புரிந்தது.

சந்தாதாரர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே இப்போது அனுபவித்துக்கொண்டிருப்பீர்கள். காலையில் ஒருவர் கூப்பிட்டு, கீரையெல்லாம் ஓட்டையாக இருக்கிறது என்று சத்தம் போடுவார். மதியம் இன்னொருவர் கூப்பிட்டு, கீரையில் ஓட்டையே இல்லையே, உண்மையிலேயே மருந்து அடிக்காததுதானா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். இருவரையும் ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அஸ்தம்பட்டியில் நமக்கு இரண்டு தெரு தள்ளி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் கீரையைப் படம் எடுத்து, ஓட்டை இருக்கிற இடத்திலெல்லாம் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்புவார். மதிப்பெண் மட்டும்தான் போடமாட்டார்.

இத்தனை ஓட்டைக்கும் சொந்தக்காரர் புதுச்சத்திரத்துக் குழந்தைவேலு. நாமக்கல் ஹைவேயை விட்டு உள்ளே போனால் அவருடைய தோட்டம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரை, மணத்தக்காளி என்று பெட்டியில் வருகிற கீரை முழுக்க அவருடையது. வாழை நாரால் கட்டி, வேரில் மண் இல்லாமல் அலசி, ஒரே அளவில் வரும். காயைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள்கூட அந்தக் கட்டைப் பற்றிக் குறை சொன்னதில்லை. வேறு இரண்டு கம்பெனிகள் அவரிடம் வந்து கேட்டுப் பார்த்தும் அவர் நம்மை விட்டுப் போகவில்லை. அவர் போனால் நம் பெட்டியைத் திறந்ததும் தெரிவது பெட்டியின் அடிப்பலகைதான்.

அந்த வருடம் குழந்தைவேலு வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் எத்தனை கட்டுக் கீரை வரும் என்று கேட்க ஃபோன் செய்வேன். அவர் வீட்டிலிருந்து ஆரம்பிப்பார். அஸ்திவாரத்தில் பாறை வந்தது, மணல் வரவில்லை, கான்கிரீட் போட்ட அன்றைக்குப் பார்த்து மழை, பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் முன்பணத்தோடு காணாமல் போனார் என்று எனக்கு அந்த வீட்டின் சரித்திரம் முழுக்கத் தெரியும். "எப்பத்தான் முடியும்?" என்று நான் கேட்பேன். "முடிஞ்சுருமுங்க அம்மணி" என்பார். பத்து மாதமாக அதே பதில்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. அடுத்த நாள் பெட்டி போக வேண்டும். ஒரு பக்கம் கேரட் வண்டி தாமதம், இன்னொரு பக்கம் முதலாளி புதிதாகச் செய்த ஆப் திறக்கவில்லை என்று ஆளுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் குழந்தைவேலு கூப்பிட்டார். லைனில் ஒரே இரைச்சல், பஸ்ஸோ லாரியோ போகிற சத்தம்.

"அம்மணி, இந்த வாரம் கீரை வராதுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஊட்ல முடியலீங்க."

வீட்டில் வேலை முடியவில்லை என்று நானாக நடுவில் ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டு வேலையைக் காரணம் காட்டி, முன்தினம் சொல்கிறார் மனிதர்!

"இன்னுமா முடியல? எத்தன மாசமா இழுத்துக்கிட்டே கெடக்குது!"

"ஒரு வாரமாத்தானுங்க ரொம்ப மோசம்..."

"ஒரு வாரமா? எனக்குத் தெரிஞ்சே பத்து மாசமா இதே கததான். எதுக்கு அதையே கட்டிக்கிட்டு அழுவுறீங்க? பேசாம வேற ஆளப் பாருங்க. நானே நல்ல ஆளா ஒண்ணு சொல்றேன்."

காணாமல் போன கொத்தனாருக்குப் பதிலாக வேறு கொத்தனார் என்பது என் கணக்கு.

"என்னங்க அம்மணி இப்படிச் சொல்லிப்போட்டீங்க."

"பின்ன எப்படிச் சொல்றது? சட்டுபுட்டுன்னு முடிச்சுட்டு அடுத்த வேலையப் பாருங்க. எங்க பொழப்பும் நடக்கணும்ல?"

அவர் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அதே சூட்டோடு பச்சை நோட்டை எடுத்து, "கீரை: வீடு முடியவில்லை" என்று பேனா அழுந்த எழுதினேன். மறுபடி கூப்பிட்டபோது அவர் ஃபோன் அணைந்திருந்தது. வரவர மனிதர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு பிரசங்கமும் செய்தேன்.

இப்போது உங்களுக்கு முக்கியமான இடம். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "ஒரு வாரந்தானேக்கா, மார்க்கெட்ல வாங்கிப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். நான் அவரைத் திட்டினேன் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. உண்மையில் அவர் சொல்வதற்கு முன்பே நான் மார்க்கெட் வியாபாரி ஒருவருக்கு ஃபோன் போட்டுக் கீரை சொல்லிவிட்டேன். வாழை நாரில் கட்டித் தரச் சொன்னேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனம்! மருந்து அடித்த கீரையைக் குழந்தைவேலுவின் கட்டுப் போலவே கட்டி, நம்பி சந்தா கட்டியவர்களின் வீட்டில் கொண்டுபோய் வைப்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, குழந்தைவேலுவுக்குப் பொறுப்பில்லை என்று பேசிக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒன்றரை மணிக்கு நம் வண்டி டிரைவர் மாணிக்கம் கூப்பிட்டார். புதுச்சத்திரம் பக்கம் தேங்காய் ஏற்றப் போனவர். போகிற வழியில் குழந்தைவேலுவைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லி நான்தான் அனுப்பியிருந்தேன்.

"அக்கா, தோட்டத்துல ஒருத்தரும் இல்லீங்க. கேட் பூட்டிக் கெடக்குது."

"வீட்டு வேலை நடக்குதா, இல்லையா? பூச்சு எவ்வளவு தூரம் வந்திருக்குது, அதப் பாரு."

"பூச்சு கெடக்கட்டும்க்கா. அவரு ஊட்டுக்காரம்மாவுக்குத்தான் முடியலியாம். டெங்குக் காய்ச்சல். சேலத்துக்குக் கொண்டாந்து அட்மிட் பண்ணிருக்காங்களாம். ரத்தத்துல தட்டணு ரொம்பக் கொறஞ்சு போச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரரு சொல்றாரு."

நான் ஃபோனைக் காதில் வைத்தபடியே அன்றைக்குக் காலையில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். இழுத்துக்கொண்டே கிடக்கிறது என்றேன். கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள் என்றேன். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன், நானே ஒன்று சொல்கிறேன் என்றேன். சட்டுபுட்டென்று முடியுங்கள் என்றேன். யா அல்லாஹ்! மனைவியை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு ரோட்டில் நின்று பேசிய மனிதரிடம், ஒரு வார்த்தை பாக்கி வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கேரட் வண்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார்கள்.

ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லக் கேட்டேன். "இருபத்தாறு வருசமா நான் யார்கிட்டப் பேசினாலும் 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்'னுதான் சொல்றேன். நான் செவுத்துக்கிட்டயா கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

என் பேரே வீடுதான். அது எனக்கு மறந்து போயிருந்தது.

மாணிக்கம் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கீரையைப் பறித்து, அலசி, நார் கிழித்துக் கட்டுவது குழந்தைவேலு இல்லையாம். அவர் மனைவி பாவாயிதானாம். இத்தனை வருடமாக அந்தக் கட்டைப் புகழ்ந்து வந்த செய்திகளையெல்லாம் நான் குழந்தைவேலுவுக்கே படித்துக் காட்டியிருக்கிறேன். அவரும் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அதற்கு அவரைப் பிறகு ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

முதல் வேலையாக மார்க்கெட் வியாபாரியைக் கூப்பிட்டுக் கீரை வேண்டாம் என்றேன். அவர் என்னை என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம். லாரி ஆபீஸிலேயே நான் அதைக் கேட்டதில்லை. அப்புறம் சந்தாதாரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு செய்தி போட்டேன்: "இந்த வாரம் கீரை வராது. புதுச்சத்திரத்தில் உங்கள் கீரையைப் பறித்துக் கட்டுகிற அம்மா காய்ச்சலில் படுத்திருக்கிறார். வேறு கீரையை அவர் கீரை என்று சொல்லிப் போட எங்களுக்கு மனமில்லை." முதலாளி படித்துவிட்டு, இத்தனை பேர் சந்தாவை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். "நிறுத்துனா நிறுத்தட்டும் தம்பி, மொதல்ல நான் அந்த மனுசன் மொகத்துல முழிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு பேர் நிறுத்தத்தான் செய்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி நம் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்தான். அன்றைக்கு ஸ்கூட்டியில் போயும் ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். நேரில் அவரை இரண்டோ மூன்றோ முறைதான் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க அம்மணி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணா, நான் கட்டுற வீட்டச் சொன்னேன். கொத்தனார மாத்தச் சொன்னேன். சத்தியமா வேற எதுவும் இல்ல."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பேசியதை அவரும் உள்ளே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக உட்கார்ந்தார்.

"கொத்தனாரைங்களா?"

"கொத்தனாரத்தான்."

"நானும் காலைல இருந்து அதத்தானுங்க ரோசன பண்ணிட்டிருக்கறேன். அம்மணி அப்படிப் பேசற ஆளில்லையே, ஏன் இப்படிச் சொல்லிப்போட்டாங்கன்னு." துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. "அவளுக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க?" என்று கேட்டார்.

லோடு எப்போது வரும் என்று கேட்டால் உடனே சொல்லிப் பழகியவள் நான். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் அந்த அம்மாளுக்கு மோசமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் தட்டணு ஏற ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் போனபோது வார்டு வாசலில் நம் தலைமையாசிரியை ஃப்ளாஸ்கோடு நிற்கிறார். செய்தியைப் படித்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று நம் ஆபீஸில் விசாரித்துக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறார். கஞ்சியைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். கொடுத்து முடித்ததும், போன மாதத்து அரைக்கீரையில் புழு இருந்ததையும் மறக்காமல் சொன்னார்.

பாவாயி தலையணையில் சாய்ந்தபடியே, "அதும் பசிக்குத்தானுங்க டீச்சர் திங்குது" என்றார். தலைமையாசிரியை சிரித்துவிட்டு இன்னும் அரை டம்ளர் கஞ்சி ஊற்றினார்.

அப்புறம் பாவாயி என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது, கண்ணில் மட்டும் குறும்பு. புருஷன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"சட்டுபுட்டுன்னு முடிக்கச் சொன்னீங்களாமா அம்மணி? நானும் ரெண்டு நாளா முடிச்சுக்கலாம்னுதான் பாத்தனுங்க. முடியலீங்க."

வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி நாங்கள் சிரித்தோம். நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார்.

மூன்று வாரம் கீரை இல்லாமலே பெட்டி போனது. நாலாவது வாரம் வாழை நார்க் கட்டு மறுபடி வந்தது. அதற்குள் இந்தக் கதை மாணிக்கம் வழியாக ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து நான் ஃபோனில் குரலை உயர்த்தினால் போதும், மூலையிலிருந்து யாராவது "எந்த ஊடு?" என்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கேள்வியை நானே எடுத்துக்கொண்டேன். யாராவது மொட்டையாக ஒரு காரணம் சொன்னால், நோட்டில் எழுதுவதற்கு முன்னால், "என்னது முடியல, யாருக்கு முடியல?" என்று இன்னொரு கேள்வி கேட்பேன். அதைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. நீங்களும் கேளுங்கள். ஆப்பில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள், அதில் 'வீடு' என்று தட்டிவிட்டு அடுத்த ஃபோனை எடுக்காதீர்கள்.

நான் வேலையை விடுவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, அதே பதினொரு மணிக்குக் குழந்தைவேலு கூப்பிட்டார். லைனில் அதே இரைச்சல்.

"அம்மணி, ஊடு முடிஞ்சுதுங்க."

பாவாயி போய்விட்டார் என்றுதான் என் காதில் விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். எத்தனை பேரைக் கேட்கப் பழக்கியிருப்பேன், அந்தக் கேள்வியை அன்றைக்கு நானே கேட்கவில்லை.

அவர் பயந்து போனார் போல. அவசர அவசரமாக அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார்.

"கட்டுன ஊடுங்க அம்மணி! கட்டுன ஊடு! கட்டுனவ இந்தா, பக்கத்துலதான் நின்னு சிரிக்கறா!"